அம்மாவின் ஆயிரம் ரூபாய் பென்ஷன் நின்றபோது

அம்மாவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் பென்ஷன் வருகிறது. அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். 1995-ஆம் வருட ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் அவருக்கு ஆயிரத்து முந்நூறு சொச்சம் வந்துகொண்டிருந்தது. 2017-இல் அவர் தவறிய பிறகு விதிப்படி அதில் பாதிதான் அம்மாவுக்கு. ஆனால் 2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் என்று மத்திய அரசு ஆக்கியிருந்ததால், அம்மாவுக்கும் ஆயிரம் என்று ஆனது. அன்றைக்கு ஆன ஆயிரம்தான், இன்று வரை ஒரு ரூபாய் ஏறவில்லை. 2024 செப்டம்பரில் அந்த ஆயிரமும் வராமல் போனது. அதைத் திரும்ப வரவைக்க நாலைந்து மாதம் ஆனது. அப்போது இதைப் பற்றித் தெளிவாகச் சொல்ல எனக்கு ஒருத்தர் கிடைக்கவில்லை. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான், போனில் "பார்த்துக்கோ" என்பான். நான்தான் பார்த்துக்கொண்டேன். யாருக்காவது உதவும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"ஆயிரம் ரூபாய்க்கா இவ்வளவு அலைச்சல்?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. என் ஆபீஸில் கேட்டார்கள், என் வீட்டுக்காரரே ஒரு தடவை கேட்டார். "மாசம் ஆயிரம் நாமே குடுத்துட்டுப் போலாமே" என்றார். குடுக்கலாம்தான். ஆனால் அந்தப் பணத்தை அம்மா செலவு செய்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். பேரன் வந்தால் ஐம்பது ரூபாய், வெற்றிலை பாக்கு, மாரியம்மன் கோயில் நோன்புக்கு வரி, தங்கச்சி மகள் வளைகாப்புக்கு மொய். இதற்கெல்லாம் அவர் என்னிடம் கை நீட்டியதே இல்லை. பென்ஷன் நின்ற இரண்டாவது மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் "முட்டி வலிக்குது கண்ணு" என்று உட்கார்ந்துவிட்டார். முட்டி வலி எப்போதும் இருப்பதுதான். மொய் எழுதப் பணம் இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

முதலில் எங்களுக்கு நின்றதே தெரியவில்லை. இந்தப் பென்ஷன் மாதக் கடைசி வேலை நாளில் கணக்கில் ஏறிவிடும். அம்மாவுடைய செல் பழைய பட்டன் போன், மெசேஜ் பார்க்கும் பழக்கம் கிடையாது. பாஸ்புக் பதிந்து பார்த்தால்தான் உண்டு. அக்டோபரில் பணம் எடுக்கப் போனபோதுதான், ஒரு மாதம் வரவில்லை என்று தெரிந்தது. யாரும் கடிதம் போடவில்லை, போன் பண்ணவில்லை. பெற்றோருக்குப் பென்ஷன் வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, அந்த வங்கிக் கணக்கில் உங்கள் செல் நம்பரை இணைத்துவிடுங்கள், அல்லது மாதம் பிறந்ததும் பாஸ்புக்கைப் பதிந்துவிடுங்கள். நின்ற மாதத்திலேயே தெரிந்தால் பாதி வேலை குறையும்.

வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு வரலைங்கக்கா, வந்தா போட்டிருப்போம்" என்றான். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "லைஃப் சர்டிஃபிகேட் குடுத்தீங்களா?" என்றான். பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் தர வேண்டிய உயிர்வாழ் சான்றைத்தான் கேட்டான். "அது நவம்பர்ல தானே?" என்றேன். அவனும் "ஆமா, நவம்பர்ல குடுங்க, வந்துரும்" என்றான். நானும் நம்பி வந்துவிட்டேன். அவன் பொய் சொல்லவில்லை, அவன் பார்க்கிற பென்ஷன்காரர்களில் பெரும்பாலோருக்கு நவம்பர்தான். வங்கிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸிலும் நவம்பர் என்றுதான் போட்டிருந்தது.

இந்த நவம்பர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், எங்களுடைய மொத்தத் தொல்லையும் இதில்தான் ஆரம்பித்தது. மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வருடாவருடம் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும், எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியில் இருந்தே தரலாம். மாநில அரசுப் பென்ஷன்காரர்களுக்கு நேர்காணல் என்று வேறு முறை, வேறு மாதம். அம்மா வாங்குகிற பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பென்ஷனுக்கோ மாதக் கணக்கே கிடையாது. வருடத்தில் எந்த நாளும் தரலாம், தந்த நாளில் இருந்து 12 மாதம் செல்லும், அவ்வளவுதான். அம்மா பல வருடமாக நவம்பரில்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். 2023-இல் எங்கள் ஏரியாவில் ஆகஸ்ட் மாதம் ஒரு முகாம் போட்டார்கள். வீட்டுப் பக்கத்திலேயே வருகிறதே என்று அங்கே கொடுத்தோம். அது 2024 ஆகஸ்டோடு காலாவதி. நாங்கள் நவம்பரை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முன்னாடியே கொடுத்தது நல்லதுதானே என்று நினைத்தோம், கணக்கும் முன்னாடியே முடிந்துபோகும் என்று யார் கண்டார்கள்? உங்கள் வீட்டில் எந்தப் பென்ஷன் வருகிறது, யார் தருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, கடைசியாகச் சான்று கொடுத்த தேதியைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற மாதம் உங்களுக்குப் பொருந்தாது.

அப்புறம் கைரேகை. அந்தச் சான்றை எடுக்க விரல் ரேகை ஆதாரோடு பொருந்த வேண்டும். ஒரு பொதுச் சேவை மையத்துக்கு அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனேன். கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு சின்னக் கருவி, அதில் சிவப்பு வெளிச்சம். விரலை வைத்தால் ரேகை பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தது. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. அம்மாவுடைய விரல் நுனிகளை நான் அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது, கோடே இல்லை. நாற்பது வருடம் ஆட்டுக்கல், பாத்திரம், பத்து வீட்டுக்கு இட்லி மாவு. கட்டைவிரலில் குறுக்கே அரிவாள்மனை வெட்டிய தழும்பு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மையத்தில் இருந்த பையன், "அம்மா, நல்லா அழுத்தி வைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். பின்னால் க்யூவில் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா நிதானமாக, "ஏஞ்சாமி, எந்த விரல்ல நான் பாத்திரம் தேய்க்கலையோ அதை வெக்கட்டுமா?" என்றார். பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் முட்டியது.

அன்றைக்கு நடக்கவில்லை. ஆனால் அம்மா வேடிக்கையாகச் சொன்னதில் விஷயம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஆதாரில் பத்து விரல் ரேகையும் பதிவாகியிருக்கிறது, எந்த விரலை வைத்தும் முயலலாம். மோதிர விரலும் சுண்டு விரலும் குறைவாகத் தேய்ந்திருக்கும். பெரும்பாலான இடத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பார்த்துவிட்டு "ஆகாது" என்று அனுப்பிவிடுவார்கள். பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போவதற்கு முன் கையை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்துவிட்டுப் போனால், காய்ந்த தோல் கொஞ்சம் இளகும். எண்ணெய் தடவக் கூடாது. கருவிழி பார்க்கிற கருவி இருந்தால் இன்னும் நல்லது, நாங்கள் போன இடங்களில் அது இல்லை.

அங்கே இருந்தவர்கள், "ஆதார்ல கைரேகையைப் புதுப்பிச்சுட்டு வாங்க" என்றார்கள். அதற்கு வேறு மையம், வேறு டோக்கன். அன்றைக்கு நூறு ரூபாய் கட்டணம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, காலையில் போய் மதியம் வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுப்பித்தோம். அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாக மெசேஜ் வரக் காத்திருந்தோம். இப்போது யோசித்தால் இந்தக் கட்டம் முழுக்க வீண். தேய்ந்த ரேகையைத் திரும்ப எடுத்தால் தேய்ந்த ரேகைதான் பதிவாகும். ஆதாரில் பெயரோ பிறந்த தேதியோ தப்பாக இருந்தால் புதுப்பிப்பது கட்டாயம். விரலே தேய்ந்திருக்கிறது என்றால் நேராக முகம் காட்டும் முறைக்குப் போய்விடுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு புரோக்கர் வந்தார். சொந்தக்காரர் ஒருவர் அனுப்பி வைத்த ஆள். "உள்ள நமக்கு ஆள் இருக்குங்க, ரெண்டாயிரம் ஆகும், ஒரே வாரத்துல அரியர்ஸோட வாங்கித் தர்றேன்" என்றார். அம்மா ஆசையாக என் முகத்தைப் பார்த்தார். ஐந்நூறு முன்பணம் வாங்கிக்கொண்டு, பென்ஷன் புத்தகம், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணி, "அம்மா செல்லுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க" என்றார். சொல்ல மாட்டேன், நேரில் வாருங்கள், என் எதிரில் செய்யுங்கள் என்றேன். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை. ஐந்நூறு போனது போகட்டும், அந்த ஓடிபியைச் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் படபடக்கிறது. உயிர்வாழ் சான்று கொடுக்கப் பி.எஃப். ஆபீஸில் கட்டணம் கிடையாது. சேவை மையங்களில் சிறிய தொகை வாங்குவார்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தரும் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிச் சேவைக்கு எழுபது ரூபாய் கட்டணம் வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். போனில் கூப்பிட்டு "உங்க லைஃப் சர்டிஃபிகேட் நாங்களே அப்டேட் பண்றோம்" என்கிறவர்களிடமும் அதே கதைதான். இந்தச் சான்றுக்குப் பென்ஷன்காரரின் விரலோ கண்ணோ முகமோ வேண்டும். போனில் பேசியே அதை முடித்துத் தர யாராலும் முடியாது.

நவம்பரில் இன்னொரு மையத்துக்குப் போனோம். அங்கே இடது மோதிர விரல் எடுத்தது. பிரமாண் ஐடி என்று ஒரு நம்பர் மெசேஜில் வந்தது. பெரிய நிம்மதி. வரும் வழியில் அம்மா தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தில் எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். நவம்பர் கடைசியில் பணம் வரவில்லை. இந்த மாதம் கணக்கு முடிந்திருக்கும், அடுத்த மாதம் வரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டோம். டிசம்பர் கடைசியிலும் வரவில்லை.

அதற்கு மேல்தான் வங்கியையும் சேவை மையத்தையும் விட்டுவிட்டு, லீவு போட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு பி.எஃப். ஆபீஸுக்கே பஸ் ஏறினேன். அங்கே பென்ஷன் பிரிவில் இருந்த ஒரு அம்மா பி.பி.ஓ. நம்பரை, அதாவது பென்ஷன் ஆணை எண்ணைப் போட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. "உங்க சான்று எங்களுக்கு வரவே இல்லைங்க. ட்ரெஷரின்னு போட்டுட்டாங்க போல, நீங்க எடுத்ததைக் காட்டுங்க" என்றார். மையத்தில் கொடுத்த பிரிண்டை நீட்டினேன். பென்ஷன் வழங்குகிறவர் என்ற இடத்தில் மாநிலக் கருவூலம் என்று இருந்தது. மையத்துப் பையன் முன்னால் வந்த ஆசிரியர் பென்ஷன்காரருக்குப் போட்ட அதே தேர்வை எங்களுக்கும் போட்டுவிட்டான். அம்மா உயிரோடு இருப்பது உறுதியாகிவிட்டது, சம்பந்தமே இல்லாத ஆபீஸுக்கு.

இதுதான் நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாகச் சொல்ல நினைப்பது. பிரமாண் ஐடி வந்துவிட்டது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. விரலும் ஆதாரும் பொருந்தியது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். அந்தச் சான்று சரியான இடத்துக்குப் போய், அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் பணம் வரும். எடுக்கும்போதே நீங்கள் திரையைப் பார்க்க வேண்டும், பையன் திரையைத் திருப்பிக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பி.பி.ஓ. நம்பர் ஓர் எழுத்து பிசகாமல் இருக்கிறதா, பென்ஷன் அனுமதித்தவர், வழங்குகிறவர் என்ற இடங்களில் உங்களுடைய அலுவலகம் இருக்கிறதா, சொந்தப் பென்ஷனா குடும்பப் பென்ஷனா என்பது சரியாக இருக்கிறதா, வங்கிக் கணக்கு எண் சரியா, இவ்வளவையும் பார்த்த பிறகுதான் விரலை வைக்க விடணும். பிறகு பி.எஃப். இணையதளத்தில் பென்ஷன்காரர்களுக்கான பக்கத்தில் ஜீவன் பிரமாண் (டிஜிட்டல் உயிர்வாழ் சான்று) விவரம் பார்க்கும் வசதி இருக்கிறது, அதில் பாருங்கள். பி.பி.ஓ. புத்தகமே தொலைந்துபோனவர்கள் வங்கிக் கணக்கு எண்ணை வைத்து அந்த நம்பரைக் கண்டுபிடிக்கவும் அதே பக்கத்தில் வழி இருக்கிறது. எனக்கு இது ஆபீஸில் உட்கார்ந்த அந்த அம்மா சொல்லித்தான் தெரியும்.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. வங்கி நம் பென்ஷனை நிறுத்துவதும் இல்லை, தருவதும் இல்லை, வந்ததைக் கணக்கில் போடுகிறது. சேவை மையம் சான்றை ஏற்றிவிடுகிறது, அது எங்கே போனது என்று அதற்குத் தெரியாது. ஆதார் மையத்துக்கு விரலைத் தவிர வேறெதுவும் தெரியாது. நிறுத்தியது யார் என்று முதலில் கேட்டு, அங்கே நேராகப் போயிருந்தால் அக்டோபரிலேயே முடிந்திருக்கும். முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் அதற்கு வங்கியில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். அரசு ஊழியர் குடும்பப் பென்ஷன் என்றால் கருவூலம்.

சொன்னாற்போல, முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 2023-இல் 1,200 ஆனது. அது ஆதரவற்றவர்களுக்கானது, இன்னும் கூடத் தரலாம், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் முதலாளி பங்கில் இருந்து மாதாமாதம் சம்பளத்தில் 8.33 சதவீதம் பிடித்துச் சேர்த்த ஒரு தொழிலாளியின் மனைவிக்கு அதைவிட இருநூறு ரூபாய் குறைவாக வருகிறது என்பதை எப்படிச் சொன்னாலும் நியாயமாகத் தெரியவில்லை. கணக்கு என்னவோ நேரானதுதான். சராசரிச் சம்பளத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். மில் சம்பளம் குறைவு, அதனால் பென்ஷனும் குறைவு. விலைவாசி ஏறினால் ஏறுகிற பஞ்சப்படி எதுவும் இதில் கிடையாது. அப்பா இருந்திருந்தால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

பி.எஃப். ஆபீஸிலேயே அன்றைக்கு அம்மாவின் முகத்தைக் காட்டிப் புதுச் சான்று எடுத்தோம். பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு முகம் காட்டும் வசதி 2022-இலேயே வந்துவிட்டதாம். நாங்கள் போன எந்த மையத்திலும் இதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கைரேகைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு அதைவிட்டு வேறு வழி சொல்ல என்ன அவசரம்?

இதை வீட்டிலேயே செய்யலாம். ஆண்ட்ராய்டு போன் வேண்டும். ஜீவன் பிரமாண் செயலி ஒன்று, ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற செயலி ஒன்று, இரண்டையும் பிளே ஸ்டோரில் இருந்து இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் போன் வைத்திருக்கிற நீங்கள் ஆபரேட்டராகப் பதிய வேண்டும். உங்கள் ஆதார் எண், செல் நம்பர், ஈமெயில் கேட்கும், இரண்டுக்கும் ஓடிபி வரும், பிறகு உங்கள் முகத்தை ஒரு தடவை காட்ட வேண்டும். இது முதல் தடவை மட்டும். அதற்குப் பிறகுதான் அம்மா அப்பாவின் விவரம். ஜன்னலுக்கு எதிரே உட்கார வையுங்கள், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் எடுக்காது. கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அம்மாவைச் சிமிட்டச் சொன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. மற்றபடி பத்து நிமிஷ வேலை.

அதில் ஒரு கேள்வி வரும், மறுமணம் ஆகிவிட்டதா என்று. மறுமணம் செய்துகொண்டால் விதவைப் பென்ஷன் நின்றுவிடும் என்பதால் கேட்கிறார்கள். ஆபீஸில் அந்த அம்மா கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டார். எங்கள் அம்மா, "எழுவத்திரெண்டு வயசுல எவன் கண்ணு வரப்போறான், வந்தாலும் இந்த ஆயிரத்தை விட்டுட்டுப் போவனா" என்றார். மொத்தப் பிரிவும் சிரித்தது. சிரிப்பு ஒருபுறம் இருக்க, அந்த இடத்தில் அவசரத்தில் "ஆம்" என்று விரல் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பி.எஃப். குறைதீர்ப்பு இணையதளத்திலும் ஒரு புகார் பதிந்தேன், நின்ற மாதங்களின் பணம் சேர்ந்து வர வேண்டும் என்று. அதற்கு ஒரு பதிவு எண் தருவார்கள், அதை வைத்து நிலவரம் பார்க்கலாம். நேரில் போய்ச் சொன்னதற்கு எந்த அத்தாட்சியும் இருக்காது, இதற்கு இருக்கும். பிப்ரவரி கடைசியில் செப்டம்பரில் இருந்து நின்ற பணம் எல்லாம் சேர்ந்து ஆறாயிரமாக ஏறியது. நின்ற பணம் போனது போனதுதான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை, சான்று சேர்ந்ததும் பாக்கி முழுக்க வந்துவிடும். எனக்கு ஆன செலவைக் கூட்டிப் பார்த்தேன். சம்பளப் பிடித்தம், ஆட்டோ, பஸ், ஆதார் கட்டணம், புரோக்கருக்குப் போன ஐந்நூறு, எல்லாம் ஏழாயிரத்தைத் தாண்டுகிறது. அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அவர் மூவாயிரத்தை எடுத்து, போகாமல் விட்ட கல்யாண வீட்டுக்கு முதல் வேலையாக மொய் கொடுத்துவிட்டு வந்தார், மிச்சத்தை பேங்கிலேயே விட்டிருக்கிறார்.

2025 ஜனவரியில் இருந்து பி.எஃப். பென்ஷனை நாட்டில் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் வாங்கும்படி மாற்றிவிட்டார்கள். முன்பு பெற்றோர் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போனால் பென்ஷன் புத்தகத்தை அலுவலகம் விட்டு அலுவலகம் மாற்ற வேண்டியிருந்தது, அது இப்போது இல்லை. ரேஷன் கடையிலும் இதே விரல் பிரச்சினைதான் இருந்தது, அங்கே வயதானவர்களுக்குப் பதிலாக வேறொருவர் வாங்க அனுமதிப் படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் வயதானவர்களுக்கு ரேஷன் பொருட்களை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் வேறு வந்தது. 14567 என்று முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது, காலை எட்டு மணியில் இருந்து இரவு எட்டு வரை எடுப்பார்கள். எந்த அலுவலகம், என்ன மனு என்று வழி காட்டுவார்கள். எங்கே கேட்பது என்றே தெரியாதவர்களுக்கு அதுவே பெரிது.

அப்படி ஒருத்தர் எங்கள் பக்கத்து லைன் வீட்டிலேயே இருந்திருக்கிறார். அவர் வீட்டுக்காரரும் அதே மில்தான். பிள்ளைகள் கிடையாது. அம்மாவுக்குப் பணம் வந்த விஷயம் தெரிந்து ஒரு நாள் வந்து, "எனக்கும் வந்துட்டிருந்துச்சு கண்ணு, ரெண்டு வருசத்துக்கு முந்தி கவர்மெண்ட்ல நிறுத்திட்டாங்க" என்றார். நிறுத்தவில்லை, சான்று கொடுக்காமல் நின்றிருக்கிறது என்று சொன்னதும் என்னை நம்பாத மாதிரிப் பார்த்தார். விரல் எடுக்காமல் ஓர் இடத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், கூட வர ஆள் இல்லாததால் அதோடு விட்டிருக்கிறார். முதியவர்களுக்கான திட்டம் எல்லாம், கூடவே போன் வைத்திருக்கிற ஒரு மகனோ மகளோ இருப்பார் என்ற நினைப்பில்தான் போடுகிறார்கள் போலிருக்கிறது.

என் போனிலேயே அவருக்கும் எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். முகம் பொருந்தியது, ஆனால் பென்ஷன் புத்தகத்தில் பெயர் வீட்டில் கூப்பிடுகிற பெயராகவும், ஆதாரில் வேறாகவும் இருக்கிறது. பெயர் பொருந்தாமல் அனுப்பினால் திரும்பிவிடும். மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டம்தோறும் பி.எஃப். ஆபீஸ்காரர்கள் நேரில் வந்து குறை கேட்கும் "நிதி ஆப்கே நிகட்" முகாம் நடக்கிறது, 27 விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். போன மாதம் அவரைக் கூட்டிப் போய், கணவரின் இறப்புச் சான்று, பென்ஷன் புத்தகம், ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு பெயரும் ஒருவரே என்று எழுதிய மனு எல்லாம் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. இந்த மாதம் 27 அன்று திரும்பப் போகிறோம்.